சம்பந்தி வண்டியின் மஞ்சள் விளக்கு

சம்பந்தியின் கார் மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, மெக்கானிக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், சறுக்கிக்கொண்டு போகும் கார் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு சனியன் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. வேறு யார் வண்டியாக இருந்தாலும் வேறு இடத்தில் காட்டுங்கள் என்று சொல்லித் தலைமுழுகியிருப்பார். இது பெண்ணைக் கொடுத்த இடம்.

சக்கரங்களின் சென்சாரை மாற்றியாயிற்று. வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாயிற்று. ஸ்கேனரை மாட்டினால் பிரேக் சிக்னலில் தவறு என்று ஒரே பாட்டைப் பாடியது, அதனால் பிரேக் சுவிட்சும் புதிது. தவறை அழித்துவிட்டு அவர் ஊரெல்லாம் சுற்றினால் விளக்கு சமர்த்தாக அணைந்து கிடக்கும். சம்பந்தி கைக்குப் போனதும் எரியும். "உங்கப்பா தொட்டதெல்லாம் துலங்குது போ" என்று சம்பந்தியம்மா சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாளாம். மகள் அதை போனில் சிரிக்காமல் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில், சம்பந்தியே ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். பெரிய மனிதரின் கைப்பழக்கத்தைச் சோதிப்பது போல ஆகிவிடுமே என்றுதான் இத்தனை நாளும் அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம், பேத்தியையும் அழைத்து வந்துவிடலாம் என்று சம்பந்தி கிளம்பினார். தினமும் அவள் போவதும் வருவதும் அந்தக் காரில்தான்.

மடியில் வைத்திருந்த ஸ்கேனர், ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒன்றாக மிதிபடுவதாகக் காட்டியது. மெக்கானிக் குனிந்து பார்த்தார். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி, இடது காலுக்கு வேலையே கிடையாது. ஆனால் சம்பந்தியின் இடது கால் பிரேக் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் எந்த வண்டிதான் குழம்பாது? இதற்கா இத்தனை பாடு என்று அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தக் காலை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான் விஷயம் என்றார்.

சம்பந்தி எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"எடுத்தா எதால நிறுத்துறது சம்பந்தி? வலது கால் மரத்துப்போச்சு. சர்க்கரை. அது எங்க மிதிக்குதுன்னே எனக்குத் தெரியல. வீட்ல யாருக்கும் சொல்லல. நீங்க அந்த விளக்க மட்டும் எரியாம பண்ணிக் குடுத்துடுங்க."

மெக்கானிக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் விளக்கை அணைத்து, இந்தக் காலிடம்தான் பேத்தியை அனுப்பி வைத்திருக்கிறார். வீட்டில் சொல்லிவிட்டால் சம்பந்தி முகத்தில் இனி விழிக்க முடியாது. மகள் அந்த வீட்டில்தான் காலம் தள்ள வேண்டும்.

மணி அடித்தது. பேத்தி ஓடி வந்து, பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். சம்பந்தி சாவியைத் துவாரத்துக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் ஒரு கையால் துவாரத்தை மூடி, மறு கையை நீட்டினார்.

"குடுங்க சம்பந்தி."

சம்பந்தி சாவியை விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. ஏன் கிளம்பவில்லை என்று பேத்தி இரண்டு தாத்தாக்களையும் மாறி மாறிக் கேட்டாள். மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த உள்ளங்கை நீண்டபடியே இருந்தது.