எண்ணெய் தேய்த்துக்கொண்ட பிரேக்

காந்திமதிநாதன் அண்ணாச்சியின் லாரி மிலிட்டரி ஏலத்தில் வந்தது. பச்சைக்கு மேல் நீலம் அடித்திருந்தோம். வெயிலில் நீலம் உரிந்து அங்கங்கே பச்சை எட்டிப் பார்க்கும். பெரிய சண்டையெல்லாம் பார்த்த வண்டி என்பார் அண்ணாச்சி. எதிரியைத் துரத்தினதோ, எதிரிக்குப் பயந்து ஓடினதோ, எனக்குத் தெரியாது. எங்கேயும் நின்றிருக்காது என்பது மட்டும் நிச்சயம். அதன் ஹேண்ட் பிரேக் அப்படி.

மற்ற லாரிக்கெல்லாம் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் பிடிக்கும். இதற்கு கியர்பாக்ஸின் வாலில் ஒரு டிரம். கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகி அதற்குள்ளே இறங்கிவிடும். அப்புறம் லீவரை எவ்வளவு இழுத்தாலும் கைதான் வலிக்கும், வண்டி நகரும்.

எனக்குப் பிழைப்பு அதனால்தான். குற்றாலத்தில் லாட்ஜ் கட்டுகிறவர்களுக்குச் செங்கல் கொண்டுபோவோம். எங்கே நிறுத்தினாலும் சரிவு. அண்ணாச்சிதான் ஓட்டுவார். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "ஏலே பேச்சிமுத்து, கட்டை!" என்று கத்துவார். நான் பின்னாலிருந்து குதித்து, புளியங்கட்டையைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து ஒரு உதை விடுவேன். டொக்கென்று சத்தம் கேட்டால்தான் அவர் கால் மேலே வரும். பதினோரு வருஷம் இதே சோலி.

எழுபத்தொன்பதில் சாரலுக்கு முந்தி, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்துச் சீட்டு தருகிற எப்.சி. வந்தது. மெக்கானிக் நாறும்பூநாதன் தென்காசியிலிருந்து பையும் சாமானுமாக வந்தான். ஐந்தருவி ரோட்டில் அலிமாவின் டீக்கடைக்குப் பக்கத்துச் சமதரையில்தான் லாரி நிற்கும். அங்கேயே படுத்து, ஒழுகலை அடைத்து, டிரம்மைக் கவ்விப் பிடிக்கிற லைனிங்கைப் புதிதாகப் போட்டான். லீவரை இழுத்துவிட்டு நாலு பேரைத் தள்ளச் சொன்னான். வண்டி அசையவில்லை.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிரேக்கு பிடிக்குதுல்லா. இனி கட்டைக்கு ஒரு ஆள் எதுக்குலே? எப்.சி. முடியட்டும், நீ வேற சோலி பாத்துக்கோ."

எனக்கு அப்போதே நாற்பத்தாறு. செங்கல் சுமந்து சுமந்து முதுகு போய்த்தான் கட்டைக்கு வந்திருந்தேன். இனி எங்கே போக?

நேராக அருவிக்கரைக்குப் போனேன். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற கடற்கரை என்பவன் என் சேக்காளி. அவனிடம் அரைக்குப்பி தைல எண்ணெய் கேட்டேன்.

"என்னலே, முதுகு பிடிச்சிருக்கா?"

"எனக்கில்ல. கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு. இடுப்புல ரொம்பப் பிடிச்சுக்கிட்டு."

லாரிக்கு அடியில் படுத்து, டிரம்மின் சந்து வழியாக அரைக்குப்பியையும் விட்டேன். என் கணக்கு சுலபமானது. பிரேக் பிடிக்காது; பிரேக் இன்ஸ்பெக்டர் நாலு ஏச்சு ஏசுவார்; நான் கட்டையோடு இருந்துகொள்வேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது நாறும்பூநாதன் சொன்னான்: "நாளைக்கு ஹேண்ட் பிரேக்கு நிக்கலைன்னா எப்.சி. கிடையாது. எப்.சி. இல்லாம வண்டி ரோட்டுல இறங்க முடியாது. அண்ணாச்சி பழைய இரும்புக்காரன்ட்டப் பேசி வச்சிருக்காரு."

எனக்குப் புரையேறிவிட்டது. எப்.சி. என்றால் வருஷா வருஷம் அர்ச்சனைச் சீட்டு மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. அந்தத் தாளை வாசித்திருந்தால் இந்தப் புத்தி போயிருக்காது.

"யண்ணே, நான் கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டேன்."

"எங்கன?"

"டிரம்முல."

அவன் டிரம்மைக் கழற்றினான். மோந்து பார்த்தான். என்னையும் ஒருதரம் மோந்து பார்த்தான். "ஏலே, மிலிட்டரி வண்டிக்கு மசாஜா பண்ணிவிட்ட?"

அலிமா அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அப்படியே அருவியில கொண்டு நிறுத்துங்கண்ணே. சீயக்காய் நான் தாரேன்."

லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, வெயில் இருந்தவரை காயவைத்து, மிச்சத்துக்கு அவள் அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து வாட்டினோம். அன்றைக்கு டீ குடித்த அத்தனை பேரும் பச்சிலை வாசம் அடிக்கிறது என்றார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லி அலிமா விற்றுவிட்டாள்.

மறுநாள் காலை தென்காசியில் பாலத்து ஏற்றத்தில் சோதனை. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி லீவரை இழுத்தார்.

"காலை எடும்."

அண்ணாச்சி எடுக்கவில்லை.

"காலை எடும்யா!"

"எடுத்துட்டேன் சார்" என்றார் அண்ணாச்சி. கால் பெடலிலேயே இருந்தது. நாறும்பூநாதனுக்கு வேர்த்துவிட்டது. எனக்குத்தான் விஷயம் புரிந்தது. பின்னால் போய், கட்டையைச் சக்கரத்துக்கு வைக்காமலே ரோட்டில் போட்டு ஒரு உதை விட்டேன். டொக். அண்ணாச்சியின் கால் தானாக மேலே வந்தது. வண்டி அம்மி மாதிரி நின்றது.

"அங்க என்ன சத்தம்?"

"கட்டை கை தவறி விழுந்துட்டு சார்."

அவர் வந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கட்டை ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. மூக்கை உறிஞ்சினார். "இதென்ன தைல வாசனை?"

"குற்றாலத்து வண்டி சார்" என்றான் நாறும்பூநாதன்.

எப்.சி. கிடைத்தது. எனக்குக் கணக்கு தீர்ந்தது. வேட்டியும் துண்டும் தந்து, "நல்லா இருலே" என்றார் அண்ணாச்சி. கட்டையைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் அலிமா கடையில் உட்கார்ந்திருந்தேன். லாரி செங்கலோடு வந்து, லாட்ஜ் கட்டுகிற எதிர்ச் சரிவில் நின்றது. லீவர் இழுபட்டது. எஞ்சின் ஓய்ந்தது. அண்ணாச்சி இறங்கவில்லை. செங்கல் பாதி இறங்கிவிட்டது, அண்ணாச்சி இறங்கவில்லை. மிதித்த முழங்கால் வெடவெடவென்று ஆடுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"பாவம்ண்ணே, போயி வைங்க" என்றாள் அலிமா.

"டீ இன்னும் இருக்கு."

"ஏலே பேச்சிமுத்து!" என்று குரல் வந்தது. "சும்மாதான இருக்க?"

"இல்ல அண்ணாச்சி. வேற சோலி பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கட்டை எங்கலே?"

"அதுமேலதான் உக்காந்திருக்கேன்."

"கொண்டாந்து வையிலே, கால் மரத்துப் போச்சு!"

"இன்னைக்கு மட்டுமா, நாளைக்குமா?"

என்னையும் என் ஏழு தலைமுறையையும் ஏசினார். நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். கடைசியில், "நாளைக்கும்தான், வந்து தொலை" என்றார்.

மெதுவாக எழுந்து போய்க் கட்டையை வைத்தேன். உதைக்கவில்லை.

"வச்சாச்சு அண்ணாச்சி."

"சத்தத்தைக் காணோமே?"

"எப்பவும்தான?"

"எப்பவும்தாம்லே!"

அதற்குப் பிறகுதான் உதைத்தேன்.