கொடியில் ஏறிய மீன்

பீடத்துக்கு முன்னாலிருக்கும் மரக் கிராதியில் இடதுகோடி மேவிஸ் ப்ராபினுடைய இடம். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் திருவிருந்து வாங்கப் போகும் வரிசையில் புதிதாக வந்த யாராவது விவரம் தெரியாமல் அந்த இடத்தில் முழங்காலிட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் மெல்லத் தோளைத் தட்டி நகரச் சொல்லிவிடுவார். "சொர்க்கத்துக்குப் போனாலும் இவளுக்கு இடதுகோடிதான் வேணும்" என்று தோழி ஆட்ரி கேலி செய்வாள். மேவிஸ் சிரித்துக்கொள்வாள். ஏன் அந்த இடம் என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஊரில் ஒருவர் வழக்கத்துக்குக் காரணம் கேட்பது, அவர் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

ஈஸ்டர் காலையில் வரிசை நகர நகர, மேவிஸுக்கு நெஞ்சு சின்னப் பெண்ணுக்குப் போல அடித்துக்கொண்டது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முழுக்கப் பீடத்தில் வெறும் சணல் துணிதான். வெள்ளையும் பொன்னுமான பண்டிகைத் துணியைப் பெட்டியில் படுக்க வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் லெந்துக்குச் சாக்லேட்டை விட்டார்கள், ஒயினை விட்டார்கள். மேவிஸ் ஒரு மீனை விட்டிருந்தாள். இன்றைக்கு அது திரும்பி வரும். துணியின் ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி ஓடும். எல்லா இலையும் சாம்பல் பச்சை, ஒன்றைப் போல ஒன்று. இடதுகோடியில், முழங்காலிட்டவரின் கண்ணுக்கு நேராக, ஒரே ஒரு இலை மட்டும் நீலம். கோணல் மாணலாக, நடு நரம்பு வளைந்து, வால் பிளந்து, இலைக்குப் பதில் மீனாக இருக்கும்.

அவள் முழங்காலிட்டாள். கண்ணை நிமிர்த்தினாள்.

அங்கே சாம்பல் பச்சையில் ஒரு இலை இருந்தது. அழகான இலை. குறை சொல்ல முடியாத இலை. முதலில் இடம் மாறி முழங்காலிட்டுவிட்டோமோ என்றுதான் நினைத்தாள். வலது பக்கம் பார்த்தாள், கொடியை இலை இலையாக எண்ணாத குறையாகத் தேடினாள். பாதிரியம்மா அப்பத்தை நீட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. "மேவிஸ்" என்று பாதிரியம்மா மெல்லச் சொன்ன பிறகுதான் கை விரிந்தது. எழுந்து நிற்கக் கிராதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது பாவம் என்று பின்னால் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் பிடிவாதக்காரர். இயந்திரம் தொட்ட எதுவும் வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். விளக்குகளை ஊர்க் கொல்லர் அடித்தார், நாற்காலிகளை ஆற்றுக் கோரையில் பின்னினார்கள், பீடத்துணியை ஊர்ப் பெண்கள் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்தார்கள். இப்போது அதையெல்லாம் படம் பிடிக்கப் பேருந்தில் ஆட்கள் வருகிறார்கள், ஆகா ஓகோ என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது கால் விறைக்கிற சர்ச், அவ்வளவுதான். கோட்டைக் கழற்றாமல் கும்பிட்டுவிட்டு, பின்பக்கம் கொதிக்கும் தேநீருக்கு ஓடுவார்கள்.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு சமயம் பீடத்துணியின் ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது. தையல் குழு கூடிப் பழுது பார்த்தது. குழுத் தலைவி மிஸஸ் வான் கையில் சோப்பு மணக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் ஊசியைத் தொட விடுவாள். கோடை விடுமுறை, மேவிஸுக்கு மகளை விட்டுவிட்டு வர வழியில்லை. பதினோரு வயது நெரிஸை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் மேவிஸ் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால், பெண் பள்ளிக்கூடப் பையிலிருந்து நீல நூலை எடுத்துக் கோத்து, மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, என்னடி இது! மிஸஸ் வான் பார்த்தா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க. இலையா இது?"

"இலை இல்லம்மா, மீன். கொடியில ஏறி மேல போகுது."

"மீன் எங்கயாவது கொடியில ஏறுமா?"

"இது ஏறும்" என்றாள் நெரிஸ். அவ்வளவு நிச்சயமாக.

மேவிஸ் கத்திரியைக் கையில் எடுத்தாள். பெண் முகத்தைப் பார்த்தாள். சரி, நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். நாளைக்கு வேறு வேலை வந்தது, அதற்கு மறுநாள் மிஸஸ் வான் துணியை மடித்து எடுத்துப்போய்விட்டாள். அவளுக்குக் கிட்டப் பார்வை சரியில்லை என்பது ஊரறிந்த ரகசியம். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தின் கடைசியில் நெரிஸுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. காலையில் தலைவலி என்று சொன்ன பிள்ளை மறுநாள் இரவைப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பண்டிகைத் துணியை விரித்தபோது, பிள்ளையைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோ கையைப் பிடித்து மேவிஸைக் கிராதிக்குக் கூட்டிப் போய் இடதுகோடியில் முழங்காலிட வைத்தார்கள். எதிரே மீன் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் செத்துப்போகாமல் எழுந்து வீட்டுக்குப் போனதற்கு அந்த மீன்தான் காரணம்.

வெளியே சொன்னால் பிரிக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் முதலில் சொல்லவில்லை. மிஸஸ் வான் போய்ச் சேர்ந்த பிறகு, இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. கணவன் வில்ஃபிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளையை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு வில்ஃப் சர்ச் கேட்டைத் தாண்டியதில்லை. ஞாயிறு தவறாமல் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழையோ பனியோ, கார்தான் அவருக்கு.

பின்பக்கம் தேநீர் மேசையில் அன்றைக்கு ஏக இரைச்சல். ஈஸ்டருக்கென்று செய்த மசாலா பன்களை வெண்ணெய் தடவி அடுக்கியிருந்தார்கள். ஆட்ரி இரண்டு கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு, வழியில் இருந்த நாற்காலியில் இடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு நடுப்பார்வை மங்கிவருகிறது. ஓரப் பார்வையில் கதவு தெரியும், ஆள் முகம் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் போனால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெரிஸ் போய்ப் பல வருஷத்துக்கு அப்புறம் இந்த ஊருக்கு வாழ வந்தவள் அவள். மேவிஸின் பெண்ணை அவளுக்குக் கல்லறைக் கல்லில்தான் தெரியும். ஆனாலும் அந்தக் கல்லில் பாசி படியாமல் மேவிஸோடு சேர்ந்து தேய்ப்பவள் அவள்தான்.

"பாத்தியா? பாத்தியாடி?" ஆட்ரியின் முகமெல்லாம் சிரிப்பு. "லெந்து பூரா வீட்ல வெச்சுப் பண்ணேன். பூதக்கண்ணாடியும் விளக்குமா. பிரிக்கவே ஒரு வாரம். அது பட்டே இல்லடி, பள்ளிக்கூடப் பசங்க தைக்கிற பருத்தி நூல்! எந்தக் கழுதை தெச்சதோ."

மேவிஸ் கோப்பையை வாங்கினாள். தேநீர் தட்டில் சிந்தியது.

"வருஷா வருஷம் பாக்கறேன், நீ அங்க முட்டி போட்டு அந்தக் கோணல் இலையவே வெறிச்சுப் பாப்ப. பாவம், இவளுக்குக் கண்ணை உறுத்துது, மரியாதைக்குச் சொல்லாம இருக்கான்னு நெனச்சுக்குவேன். கண்ணு அவியறதுக்குள்ள உனக்கு ஒரு நல்ல இலை வெச்சுட்டுப் போயிடணும்னு தோணுச்சு. எனக்குன்னு வேற என்னடி இருக்கு குடுக்க?"

மேவிஸுக்கு அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அதற்குள் கத்பர்ட் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். பேருந்தில் வருகிறவர்களுக்குச் சர்ச்சைச் சுற்றிக் காட்டுகிறவர். மூச்சு வாங்க நின்றார்.

"என் மீன் எங்க? என் மீனைக் காணோம்! ஆதி கிறிஸ்தவங்களோட மீன் சின்னம், அதைத் தெச்சவங்க ரகசியமா மறைச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. எத்தன பேருக்கு நான் காட்டியிருக்கேன்!"

"மீனாவது ஒண்ணாவது. உங்க சுண்டைக்கா மூளைக்குத்தான் மீன் தெரியும்" என்றாள் ஆட்ரி. "நான்தான் பிரிச்சுச் சரி பண்ணேன்."

"நூறு வருஷத்துத் தையலைப் பிரிச்சீங்களா? நீங்களா? கண்ணு தெரியாம?"

பன்னைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்ரியின் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்ல வடிந்தது. யாரையும் பார்க்க முடியாத கண்களோடு மேவிஸ் இருந்த பக்கம் திரும்பினாள்.

"மேவிஸ், நீ அந்தக் குழுவுல இருந்தவ. நீ சொல்லு. அது பழசா? நான் தப்புப் பண்ணிட்டேனா?"

மேவிஸ் அவள் கையைப் பார்த்தாள். இனி அந்தக் கையால் பெரிதாக ஒன்றும் தைக்கப் போவதில்லை. கடைசியாகத் தைத்தது அந்த இலை.

"பழசு இல்ல" என்றாள் மேவிஸ். "பூச்சி அரிச்சு நாங்க ரிப்பேர் பண்ணப்போ தெச்சது."

"அப்ப யார் தெச்சது?" கத்பர்ட் விடுவதாயில்லை.

நாக்கு நுனிவரை வந்த பேரை மேவிஸ் விழுங்கினாள்.

"ஞாபகம் இல்ல. யாரோ தெரியாத்தனமா தெச்சிருக்காங்க. இப்பத்தான் நல்லா இருக்கு."

பெற்றவளே பிள்ளையை யாரோ என்று சொல்லிவிட்டாள். ஆட்ரிக்கு மூச்சு வந்தது. "கேட்டீரா வாத்தியாரே?" என்று பன்னை எடுத்துக் கத்பர்ட் கையில் திணித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"பிரிச்ச நூலை என்ன பண்ணின?" மேவிஸ் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"என்ன பண்ணுவாங்க, வழக்கம்போலத்தான். வேலில போட்டேன்."

தையல் குழுவில் அது பழைய பழக்கம். நறுக்கிய நூல், பிரித்த நூல் எதையும் குப்பையில் போடமாட்டார்கள். வசந்தம் தொடங்கும்போது கல்லறைத் தோட்டத்து உயிர்வேலியில் தூவிவிடுவார்கள், பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று. மேவிஸும் எத்தனையோ தடவை தூவியிருக்கிறாள்.

அவள் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். நேரே காருக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வில்ஃப் செய்தித்தாளை மடித்தார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட? பன் கொண்டு வரலையா எனக்கு?" முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "என்ன ஆச்சு?"

"நம்ம நெரிஸ் தெச்சது ஒண்ணு உள்ள இருந்துச்சுங்க."

வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலம் ஆயிற்று. அவள் சொல்லச் சொல்ல வில்ஃப் கேட்டார். நீல நூல், மீன், கத்திரி, ஆட்ரி, வேலி, எல்லாவற்றையும். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக் கையசைத்துப் போனார். இருவரும் திருப்பிக் கையசைத்தார்கள்.

"அதைப் பாக்கத்தான் போயிட்டிருந்தியா இத்தன வருஷமும்?"

"ஆமா."

"எனக்குச் சொல்லலையே" என்றார் வில்ஃப். கோபமில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீ சாமி கும்பிடத்தான் போறேன்னு நெனச்சேன். மீன் இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே மேவிஸ்."

தான் தனியாகவே தின்று தீர்த்துவிட்ட ஒன்றைப் பற்றி என்ன பதில் சொல்வது? பாதி அவருடையது. இத்தனை வருஷமும் சுவருக்கு இந்தப் பக்கம் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்.

வில்ஃப் கதவைத் திறந்து இறங்கினார், மேவிஸும் இறங்கினாள். கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு கொக்கியைத் தூக்கினார். எப்படித் திறப்பது என்று கைக்கு மறக்கவில்லை. மகளின் கல்லைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார். இருவரும் வேலியை ஒட்டி நடந்தார்கள். புதுத் துளிர் விட்டு அடர்ந்திருந்தது. சிவப்பு இழை ஒன்று முள்ளில் மாட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளிப் பொன் நிறத்தில் ஒரு துணுக்கு. நீலம் இல்லை. காற்றோ மழையோ அடித்துப் போயிருக்கும் என்று மேவிஸ் மனத்தைத் தயார் செய்துகொண்டாள்.

"இங்க பாரு" என்றார் வில்ஃப்.

முள் கையில் கிழிப்பதைப் பொருட்படுத்தாமல் ஒரு கிளையை விலக்கிப் பிடித்திருந்தார். உள்ளே இடுப்பு உயரத்தில் பாசியும் குதிரை மயிரும் வைத்துக் கட்டிய ஒரு கூடு. அதன் விளிம்பில் பின்னிக்கொண்டு, ஒரு விரல் நீளத்துக்கு நீல நூல். பலமுறை ஊசிக்குள் போய் வந்த நெளிவு இன்னும் அதில் போகவில்லை.

மேவிஸ் கையை நீட்டினாள். நூலின் நுனி விரலில் பட்டது.

கூட்டுக்குள் ஏதோ அசைந்தது. சாம்பல் நிறக் குருவி ஒன்று, உடம்பைத் தட்டையாக அழுத்திக்கொண்டு, ஓடாமல் உட்கார்ந்திருந்தது. கருமணி போன்ற ஒற்றைக் கண் அவளையே பார்த்தது. பயத்தில் அதன் தொண்டை துடித்தது, ஆனாலும் அது எழுந்திருக்கவில்லை.

"எடுக்கட்டுமா?" வில்ஃப் கிசுகிசுத்தார். "ஒரு இழைதானே."

"வேண்டாங்க. அடைகாக்குது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். வில்ஃப் கிளையை விடவில்லை. புறங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. உள்ளே தேநீர் மேசையில் ஆட்ரியின் சிரிப்பு கேட்டது. காற்று வந்தபோது நீல நூலின் நுனி மட்டும் மேல்நோக்கி ஆடியது.