வெங்காய குடோனில் ஜாஸ்

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கெழுதும் பழனிக்குமாருக்கு ஜாஸ் இசைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஏதோ போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கேட்டவன் சும்மா இருந்தானா? கொச்சியில் ஒரு ஓட்டல்காரர் கழித்துப்போட்ட வைப்ரஃபோன் என்ற வாத்தியத்தை, காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். கட்டில் நீளம் இருக்கும். மேலே அலுமினியப் பட்டைகள், கீழே குழாய்கள், காலடியில் ஒரு மிதி. நூல் சுற்றிய குச்சியால் தட்டினால் சத்தம் எழும்பி, மிதியை விடும்வரை அந்தரத்திலேயே நிற்கும். அது வீட்டுக்குள் நுழையாது என்பதால் முதலாளி ஈஸ்வரனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வெங்காய குடோன் மூலையில் இடம் வாங்கினான்.

"ஏனுங்க, பாத்திரக் கடைக்குள்ள பூனை பூந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள் மனைவி தீபா. சொன்னாளே தவிர, மத்தியானம் சோறு கொண்டுவந்தால் அவன் வாசித்து முடிக்கிறவரை மூட்டை மேல் உட்கார்ந்துதான் இருப்பாள்.

சொல்லிக்கொடுக்க இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? இணையத்தில் ஒரு குழு கிடைத்தது. லிஸ்பனில் இருக்கும் ஐரின் என்ற அம்மாள் நடத்துவது. ஞாயிறு மத்தியானம் பல நாட்டுக்காரர்களும் போன் திரையில் கட்டம் கட்டமாக வந்து நிற்பார்கள். சத்தம் ஊருக்கு ஊர் முன்பின்னாகப் போய்ச் சேரும் என்பதால் எல்லோரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். ஐரின் வாசிப்பது மட்டும் கேட்கும், அதோடு சேர்ந்து அவரவர் இடத்தில் வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். முடிந்ததும் "அருமை பழனி!" என்று ஆளுக்கொரு ஹார்ட்டு அனுப்புவார்கள். என்னத்தைக் கேட்டு அருமை என்றார்களோ!

மண்டியில் ஏலம் கூறுகிறவர் விலையைச் சொன்ன பிறகுதான் கணக்கன் எழுத வேண்டும், முந்தினால் வம்பு. வைப்ரஃபோனிலும் அதே பழக்கம்தான் அவனுக்கு வந்தது. ஐரின் தட்டுவது காதில் விழும், விழுந்ததும் இவன் தட்டுவான். சேர்ந்து வாசிப்பது என்றால் இதுதான் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க அடுத்தவன் விலையை எழுதுகிறவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தானும் ஒரு ஆள் என்று தோன்றும். அதை விட்டால் அவனுக்கு வேறொன்றும் கிடையாது.

இந்த வருஷம் ஐரின் ஒரு பின்னணித் தாளத்தை அனுப்பி, அதன்மேல் ஆளுக்கொரு துண்டு தனியாக வாசித்து அனுப்பச் சொன்னார். எல்லாவற்றையும் கோத்து ஒரே கச்சேரியாக வெளியிடப்போகிறார்களாம். பழனிக்குமார் சோறு தண்ணி மறந்து வாசித்து அனுப்பினான். வெளியாகிற அன்று குடோனில் டிவியை வைத்து, ஈஸ்வரன் முதல் மூட்டை தூக்குகிறவர்கள் வரை எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

அவன் முறை வந்தது. பின்னால் வெங்காய மூட்டை தெரிய, வாயெல்லாம் பல்லாகத் திரையில் நின்றான். "ஏலே, நம்ம பழனிடா!" என்று ஒரே விசில். வாசிப்பு தண்ணீராக ஓடியது.

தீபா அவன் காதருகே குனிந்தாள். "ஏனுங்க, லாரியில அடிபட்ட அந்த ஓரத்துப் பட்டை கரகரன்னு இழுக்குமே, அதக் காணமே. இது நீங்க வாசிச்சதுதானுங்களா?"

அப்போதுதான் அவன் கவனித்தான். சத்தம் முதலில் வருகிறது, அவன் குச்சி அதற்குப் பிறகு விழுகிறது. ஒவ்வொரு அடியும் அப்படித்தான். அதே துண்டை வாசிப்பது ஐரின். அந்தக் கையை அவனுக்குத் தெரியாதா? முதன்முதலாக அவனைக் காதால் கேட்டவர்கள், தாளத்தில் அவன் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்று கண்டு, சத்தத்தை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கீழே 'எங்கள் குழுவின் சந்தோஷமான முகம்' என்று வேறு போட்டிருந்தது. பாவி மனுஷி, ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா! இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் யாரோடும் சேர்ந்து வாசித்ததில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் ஈஸ்வரன் எழுந்தார். "அப்பு, டிவில பாத்தது போதும். அந்தா நிக்குதுல்ல, எங்க முன்னால ஒருக்கா வாசி பாப்போம்."

"வாசிங்கண்ணே, வாசிங்க!" என்று கூட்டமே கத்தியது. யாரோ டிவியை அணைத்தார்கள்.

பழனிக்குமார் போய்க் குச்சிகளை எடுத்தான். கை எழும்பவில்லை. முன்னால் வாசிக்க யாருமில்லாதபோது முதல் அடியை எப்போது அடிப்பது? செத்துத் தொலைந்தால் தேவலை என்றிருந்தது.

"அவரால முடியாதுங்க" என்றாள் தீபா சத்தமாக. "காலைல மூட்டை சரிஞ்சு மணிக்கட்டு பெசகிப்போச்சு. ஒரு மாசத்துக்குக் கைய அசைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க."

அவள் பொய் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவளே வந்து குச்சிகளை வாங்கிக் கீழே வைத்தாள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, வலது மணிக்கட்டில் சுற்றத் தொடங்கினாள்.

"அடப் பாவமே" என்றார் ஈஸ்வரன்.

"ரொம்ப வலிக்குதுங்களா?" என்று தீபா கூட்டத்துக்குக் கேட்கும்படி கேட்டாள்.

"ஆமா" என்றான் பழனிக்குமார். அவள் இறுக்கி முடிச்சுப் போட்டு முடிக்கிறவரை நல்ல கையை நீட்டிக்கொண்டு நின்றான்.