முப்பத்தெட்டுக் கதவுகள்

அக்கா போனில் அழவில்லை. அதனாலேயே பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். "பத்து மணிக்கு நடக்கப் போன மனுஷன்டா. மணி ரெண்டாகுது. நீ எங்கயாவது பாத்தியா?" என்றாள்.

பார்த்தேன். என்னைத் தாண்டித்தான் போனார் அத்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு இப்போது தெருவும் தெரியாது, பேரும் தெரியாது. ஆற்றோரமாகப் பாலம் வரை போய்த் திரும்பி, மஞ்சள் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வருவது மட்டும் தெரியும். அந்தக் கதவுக்குத்தான் நான் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். நகராட்சி ஆற்றங்கரையில் நடைபாதை போடுகிறது. பாதையைப் பார்த்திருக்கும் முப்பத்தெட்டு வீட்டுப் பின்கதவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமாம். "எங்க கதவ மட்டும் விட்டுடுடா" என்று அக்கா கெஞ்சினாள். "ஊரே வந்து நடக்கப்போற எடம். உன் கதவு மட்டும் பல்ல இளிக்கணுமா?" என்று கேட்டேன். என் வாயில் மண்ணைப் போட. அத்தோடு விட்டேனா? பெயின்ட் காயும்வரை எல்லா வீட்டிலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டு வைக்கவும் சொன்னேன். எப்போதும் ஒருக்களித்தே கிடக்கும் கதவு அது. பதினொரு மணிக்குள் நாங்கள் நாலு பேரும் முப்பத்தெட்டையும் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

பாலம் வரை ஓடினேன். டீக்கடையில் கேட்டேன், பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. அப்போது மேஸ்திரி போன் செய்தார்.

"என்னய்யா வேல பாத்திருக்கீங்க? எவனோ ஈரத்துல வரிசையா கை வெச்சுட்டுப் போயிருக்கான். நீதான் மறுபடி அடிச்சுத் தரணும்."

ஆற்றங்கரைக்குத் திரும்பி ஓடினேன்.

பாலத்திலிருந்து முதல் பதினைந்து கதவுகள் சுத்தமாக இருந்தன. பதினாறாவது அக்கா வீடு. அதில் இரண்டு உள்ளங்கைகளும் அழுந்தப் பதிந்திருந்தன. நிறம் மாறியும் சரியாகத்தான் வந்திருக்கிறார் மனுஷன். தள்ளியிருக்கிறார். திறக்கவில்லை.

"நான் உள்ள மிஷின்ல தெச்சுக்கிட்டு இருந்தேன். சத்தமே கேக்கலடா" என்றாள் அக்கா. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினேழில் கை. பதினெட்டில் கை. ஒரு கதவு விடாமல் தள்ளிப் பார்த்திருக்கிறார். அத்தனையும் நான் சொல்லித் தாழ் போட்ட கதவுகள். இருபத்தைந்துக்கு மேல் ஒற்றைக் கைதான். முப்பத்தெட்டாவதில் விரல்கள் மேலிருந்து முழங்கால் உயரம் வரை இழுபட்டு இறங்கியிருந்தன. அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்கப்பால் பாதை இன்னும் முடியவில்லை. கைப்பிடிக் கம்பி நாளைக்குத்தான் வருகிறது. கரையின் விளிம்பில் வரிசையாகப் பதித்திருந்த வெள்ளைக் கற்களில் கடைசிக் கல்லருகே குனிந்தேன். அதன் ஓரத்தில் நான்கு விரல்களின் சாம்பல் தடம், ஆற்றுப் பக்கமாக. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

பின்னாலேயே வந்த அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்கு வந்தாள். தடத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கதவத் தொறந்து வெச்சுட்டேங்க. வாங்க."

அக்கரையில் அளவு நாடாவைப் பிடித்திருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.