விண்ணப்பத்தில் விடுபட்ட முட்டி

காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. ஆறுக்குப் பதில் எழுதிவிட்டேன். ஐந்தாவது கேள்வி மட்டும் மூன்று வாரமாக என் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

“மேலிருந்து விழும் மாவு காற்றோடு கலந்து பொங்கி, பையின் வாய்வரை நிற்கும். அந்நிலையில் மடிக்கும் கைகள் வாயை எவ்வாறு மடிக்கின்றன? மாவு எதனால் கீழே அமுங்குகிறது என்பதை விண்ணப்பதாரர் விளக்கவில்லை.”

விண்ணப்பதாரர் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. காகிதப் பையில் ஐந்து கிலோ மாவை நிரப்பி, வாயை இரண்டாக மடித்து, பசை தடவி ஒட்டும் இயந்திரம் ஒன்றை அவன் செய்திருந்தான். கடிதம் எழுதுவது மட்டும் என் பங்கு. குடிநீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகப் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவன் நான். குழாயில் தண்ணீர் வராததற்கு நாற்பது விதமாகக் காரணம் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு, மாவு அமுங்குவதற்கு ஒரு காரணம் எழுத வராதா என்பது வீட்டில் மற்ற இருவரின் எண்ணம்.

“அது தானா அமுங்குது மாமா” என்றான் மச்சினன்.

“தானான்னா எப்படி?”

“தானான்னா தானாதான். நீங்கதான் பாக்கறீங்களே.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டின் பக்கவாட்டில் கார் நிறுத்தக் கட்டிய அறை ஒன்று உண்டு. கார் கடைசிவரை வரவில்லை, இயந்திரம் வந்துவிட்டது. மேலே தகரத் தொட்டி, அதன் கீழே மாவை அளந்து விடும் மூடி, அதற்குக் கீழே பையை நகர்த்திக்கொண்டு போகும் பட்டை, கடைசியில் இரண்டு இரும்புக் கைகள். தொட்டிக்கும் கைகளுக்கும் நடுவில் என் மனைவி நிற்பாள். பட்டையில் இறங்கும் பை கொஞ்சம் கோணலாகத் திரும்பும். அதை நேராக வைப்பது அவள் வேலை. “யாரு வேணும்னாலும் செய்யலாம்” என்று விண்ணப்பத்தில் அதை ஒரு வரியில் முடித்திருந்தான் தம்பிக்காரன். அந்த அறையில் நூறு பை போட்டால் நூறு பையும் தலையணை மாதிரி கச்சிதமாக மூடிக்கொண்டு வெளியே வரும்.

மில்லில்தான் மானம் போனது.

ஊரில் பெரிய மாவு மில்லை நடத்துகிற அம்மாளை எல்லாரும் மில்லம்மா என்றே கூப்பிடுவார்கள். அவர் இயந்திரத்தை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். அங்கே பையை நேராக வைக்க மில் ஆள் ஒருவர் நின்றார். முதல் பையிலேயே அது தும்மியது. இரும்புக் கைகள் வாயைப் பிடித்ததும் மாவு புஸ்ஸென்று மேலே கிளம்பியது. பத்தாவது பைக்குள் மில்லம்மாவின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதைக் கழற்றாமலே கேட்டார்:

“தம்பி, இது மாவ உள்ள போடற மெஷினா, வெளிய போடற மெஷினா?”

திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டினோம். நூற்றுக்கு நூறு. மறுபடி மில்லுக்குக் கொண்டுபோனோம். புஸ். மச்சினன் மில்லின் தரை சாய்வு என்றான், ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தரை நேராக இருந்தது. மின்சாரம் என்றான், ஈரக்காற்று என்றான். மில்லின் மாவையே ஒரு மூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தோம். அதுவும் சமத்தாக அமுங்கியது.

“வெளி மனுஷங்களப் பாத்தா அதுக்கு வெக்கம் வருது போல” என்றாள் என் மனைவி.

“அக்கா, எரியற வீட்டுல நீ வேற.”

அவன் எரிந்துதான் கொண்டிருந்தான். இந்த இயந்திரத்துக்காகப் பட்டறை வேலையை விட்டு வந்து ஒன்றேகால் வருடம். விட்ட அன்று அங்கிருந்த மேற்பார்வையாளர், “திரும்பி வருவ. கூட்டற வேலை ஒண்ண காலியா வச்சிருக்கேன்” என்று பத்துப் பேர் முன்னால் சொல்லி அனுப்பியிருந்தார். மில்லம்மா இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். “அப்புறமும் என் மூஞ்சிக்கு மாவு பூசினா, கையால மடிக்கறவங்களே போதும்னு விட்டுடுவேன். கோவிச்சுக்கக் கூடாது.” காப்புரிமை அலுவலகமும் மாதக் கடைசி வரைதான் நேரம் கொடுத்திருந்தது.

எங்கள் வீட்டில் துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை, துவைப்பது நான். அந்த ஞாயிறு துணிக்குவியலில் மச்சினனின் பழைய பட்டறைக் காக்கிச் சீருடை கிடந்தது. ஒன்றேகால் வருடமாகப் பெட்டியில் கிடந்ததை எடுத்துப் போட்டிருக்கிறான். அதையும் துவைத்தேன். அதற்கு அடியில் என் மனைவி இயந்திரத்தருகே போட்டுக்கொள்ளும் நீல மேலங்கி இருந்தது. வலது முட்டிக்கு நேராக, தட்டு அளவு வட்டமாக மாவுக் கறை. வாராவாரம் அதே இடத்தில்தான் இருக்கும், வாராவாரம் நானும் அதைத் தேய்ப்பேன். அன்றும் தேய்த்துவிட்டுக் காயப்போட்டேன்.

பிற்பகல் காகிதமும் பேனாவுமாக இயந்திர அறைக்குப் போனேன். “தானா” என்ற சொல்லை அரசாங்கத்துக்கு எழுத முடியாது. காகிதத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘என்ன நடக்கிறது’ என்றும் வலப்பக்கம் ‘எதனால் நடக்கிறது’ என்றும் தலைப்பிட்டேன். அலுவலகத்தில் சிக்கலான புகார் வந்தால் நான் செய்வது இதுதான். உட்கார நாற்காலி காலியாக இல்லை, அதன்மேல் ஒரு பல்சக்கரப் பெட்டி உட்கார்ந்திருந்தது. காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன். கண் பட்டையின் உயரத்துக்குத் தாழ்ந்துவிட்டது.

“ஓட்டு மாப்ளே.”

பை தொங்குகிறது: கொக்கியால். மாவு விழுகிறது: மூடி திறப்பதால். பை பட்டையில் இறங்கி நேராகிறது: என் மனைவியால். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய வலது முழங்கால் பையின் அடிப்பக்கத்தை டக், டக் என்று இரண்டு தடவை இடித்ததைப் பார்த்தேன். பொங்கி நின்ற மாவு நான்கு விரற்கடை இறங்கியது. கைகள் வந்து மடித்தன.

தற்செயல் என்று நினைத்தேன். பத்துப் பை எண்ணினேன். இருபது இடி.

“நீ ஏன் பைய இடிக்கற?”

“யாரு, நானா?” என்றாள். “நான் எதுக்குங்க இடிக்கறேன்? திருப்பி வைக்கறேன், அவ்வளவுதான்.”

அடுத்த பை இறங்கியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டக், டக்.

“இதோ.”

குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்போது உள்ளே வந்தது என்று பார்ப்பதுபோல.

“கொஞ்சம் தள்ளி நின்னு கைய மட்டும் நீட்டித் திருப்பு” என்றேன். எட்டி நின்று திருப்பினாள். இரும்புக் கைகள் வந்தன. புஸ். மூன்று பேரும் வெள்ளையானோம்.

மச்சினன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். “ஒண்ணேகால் வருஷமா என் மெஷின ஓட்டினது நீயாக்கா?”

“எனக்கே இப்பதான்டா தெரியுது.”

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் சலவைத்தூள் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். “அங்க எல்லாரும் இடிப்போம். ரெண்டு கையும் பையப் பிடிச்சிட்டிருக்கும், மிச்சம் இருக்கறது முட்டிதான?” என்றாள்.

“ஏன் ரெண்டு தடவ?”

“மொத இடி காத்துக்கு. ரெண்டாவது மூலைக்கு, மூலையில மாவு போய் உக்காரணும்ல. ரெண்டாவதக் கொஞ்சம் மெதுவா இடிக்கணும். இல்லன்னா அமுங்கினது மறுபடி எழுந்துக்கும்.” சொல்லி முடித்துவிட்டு, “இதெல்லாம் எனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே” என்றாள்.

அடுத்த பத்து நாள் வீட்டில் முட்டிதான் பேச்சு. மச்சினன் வெர்னியர் அளவுகோலால் அக்காவின் முட்டியை அளந்தான். “ஆடாத அக்கா.” “கூசுதுடா.” எடை பார்க்கும் வில் தராசைக் கதவில் கட்டி அவளை இடிக்கச் சொன்னான். ஒரு மரக்குண்டில் ரப்பர் சுற்றி, சுருள்வில் வைத்த நெம்புகோலின் முனையில் பொருத்தி, பட்டையின் பக்கத்தில் வைத்தான். முதல் நாள் அது உதைத்த உதையில் பை பறந்து வந்து என் மடியில் உட்கார்ந்தது.

“இது என் முட்டி இல்ல, கழுத முட்டி” என்றாள்.

அவள் சொல்லச் சொல்லச் சுருள்வில்லைத் தளர்த்தினான். பையின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இடிக்க வேண்டும், முதல் இடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எட்டாவது நாள் அவளை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டினோம். நூற்றில் தொண்ணூற்றெட்டு. மறுநாள் நூறு.

ஐந்தாவது கேள்வி இன்னும் பாக்கி. கடிதத்தின் அடியில் இருந்த விதியை வாசித்துக் காட்டினேன். முதல் விண்ணப்பத்தில் இல்லாத உறுப்பு எதையும் பதிலில் சேர்க்கக் கூடாது. முட்டியைச் சேர்க்க வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய தேதி போய்விடும், வரிசையில் கடைசியிலிருந்து வர வேண்டும்.

மச்சினன் நெற்றியைத் தேய்த்தான். “தேதி போச்சுன்னா ஒண்ணேகால் வருஷம் போச்சு மாமா. தானா அமுங்குதுன்னே எழுதிடுங்க. முட்டிய நான் பாட்டுக்கு மெஷின்ல வச்சுக்கறேன்.”

“எழுதலாம். அப்ப நீ எழுதிக் கொடுத்த மெஷினுக்குத்தான் உரிமை கிடைக்கும். மாவ ஊதற மெஷினுக்கு. முட்டி வச்ச மெஷின யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம்.”

அவன் எழுந்து போய்ப் பழைய விண்ணப்பக் கட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். “வாபஸ் வாங்கிடுங்க. புதுசா ஒண்ணு எழுதுங்க.” படிவத்தின் முதல் பக்கத்தை மட்டும் தானே நிரப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது ‘உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்’ என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. அக்கா பெயர் மேலே.

“டேய், நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன்? இடிச்சேன். இதுக்குப் போய் ஆபீஸ்ல பேரு எழுதுவாங்களா?”

“கண்டுபிடிச்சது மாமா. உன் முட்டிய அவர்தான் கண்டுபிடிச்சாரு.”

“கல்யாணமான பதினாலு வருஷமா என் துணியத் துவைக்கறாரு. இப்பதான் கண்டுபிடிச்சாரா?”

நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன். “தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. இல்லத்தரசின்னு போடட்டுமா?”

“வேணாம். பேக்கிங் செக்‌ஷன், பதினோரு வருஷம். அதப் போடுங்க.”

போட்டேன். புதிய விண்ணப்பம் திங்கட்கிழமை போனது. அதைப் பெற்றுக்கொண்ட ரசீது கைக்கு வந்த பிறகுதான் இயந்திரத்தை மில்லுக்கு ஏற்றினோம்.

மில் வாசலில் மச்சினன் அக்காவைத் தடுத்தான். “நீ உள்ள வராத. அப்புறம் உன் முட்டி என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது.” அவள் கேட்டுக்கு வெளியே காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மில்லம்மா கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளியே நின்றார். மச்சினன் பொத்தானை அழுத்தினான். அவன் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

பை இறங்கியது. மில் ஆள் அதை நேராக வைத்தார். மரமுட்டி வந்து டக் என்றது. ஒரு மூச்சு. மெதுவாக இன்னொரு டக். மாவு பணிவாகக் கீழே உட்கார்ந்தது. கைகள் மடித்தன, ஒட்டின. இரண்டாவது பை, மூன்றாவது பை. இருபதாவது பையில் மில்லம்மா ஓரடி முன்னால் வந்தார். ஐம்பதாவதில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நூறாவது பை விழுந்தபோது கண்ணாடியில் ஒரு தூசு இல்லை.

“இப்பதான் தம்பி இது மெஷின்” என்றார். “நாலு செஞ்சு குடுங்க. அந்த முட்டிய மட்டும் யாரும் திருகாம பூட்டு போட்டுக் குடுங்க.”

மச்சினன் முதலில் விழுந்த பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன். அக்காவின் கையில் பையை வைத்தான்.

அவள் மடித்து ஒட்டிய வாயைப் பார்க்கவில்லை. பையை இரண்டு கையாலும் பிடித்து எழுந்து நின்றாள். டக், டக். காது வைத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து நின்றாள். பையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“இதுக்கு மேல அமுங்காதுடா” என்றாள்.

அந்தக் காக்கிச் சீருடையை இப்போது நான் வாராவாரம் துவைக்கிறேன். மரமுட்டிக்கு எண்ணெய் போடும்போது மச்சினன் அதைத்தான் மாட்டிக்கொள்கிறான்.