நான்காவது காலடி

அணிப் பட்டியலை ஒப்படைக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. தடை ஓட்டத்துக்கு ஒரே ஓர் இடம். அதில், எல்லோரும் குச்சி என்று கூப்பிடும் ஒல்லிப் பெண்ணின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று பயிற்சியாளருக்குப் பிடிபடவில்லை.

நோட்டைப் புரட்டினாள். இரண்டு மாதத்தில் குச்சியின் முப்பது மீட்டர் ஓட்டம் வேகமாகியிருந்தது. நின்ற இடத்திலிருந்து தாவும் தூரம் பதினோரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. இடுப்பு நன்றாக வளைந்தது. தடை ஓட்டம் மட்டும் ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

"இன்னொரு தடவை ஓடு."

குச்சி ஓடினாள். முதல் தடையைத் தொடாமல் தாண்டினாள். அடுத்த தடைக்கு இடையில் மூன்று காலடிதான் கணக்கு. மூன்றும் வைத்தாயிற்று, தடை இன்னும் எட்டத்தில் இருந்தது. அவசரமாக நான்காவதை வைத்து, பழக்கமில்லாத காலால் எம்பினாள். தடை தடாலென்று விழுந்தது.

"தாண்டச் சொன்னா கட்டிப் பிடிக்கிறியேடி!" என்றாள் தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி. குச்சி இல்லையென்றால் அந்த இடம் அவளுக்குத்தான்.

பயிற்சியாளர் டேப்பைப் பிடித்து அளந்தாள். தடைக்குத் தடை எட்டரை மீட்டர். மயிரிழை பிசகவில்லை.

"கண்ணு சரியாத் தெரியுதா?"

"கொடிக்கம்பத்துல காக்கா இருக்கு மிஸ். ஒத்தக் கால்ல நிக்குது."

"கால் வலியா?"

"இல்ல மிஸ்."

உயரம் கூடியிருக்குமோ? கால் நீண்டால் தடை பக்கத்தில் அல்லவா வந்துவிடும்! இவளுக்கு ஏன் தள்ளிப் போகிறது?

தடை இல்லாமல் ஓடவிட்டாள். காலடி நீளநீளமாக விழுந்தது. தடைகளை மறுபடி வைத்ததும் சுருங்கியது. வேறு வழி தோன்றாமல் தடைகளை இழுத்து ஏழு மீட்டருக்கு ஒன்றாக வைத்தாள். குச்சி ஒன்றைக்கூடத் தொடாமல் ஓடி முடித்தாள்.

பயிற்சியாளர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏழு மீட்டருக்கு யாருடி உன்னைப் பழக்கினது?"

குச்சி தரையைப் பார்த்தாள். போன வருடம் ஒருத்தி வெளியே ஓடிக் கால் எலும்பில் விரிசல் விழுந்ததிலிருந்து, மைதானத்துக்கு வெளியே பயிற்சி செய்தால் பட்டியலில் பெயர் இருக்காது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள் பயிற்சியாளர்.

"சரி, வாயைத் திறக்க மாட்டே. நான் சோடாபுட்டி பேரை எழுதிடறேன்."

பேனா மூடி கழன்றது.

"எழுதாதீங்க மிஸ்." குச்சி நோட்டின் மேல் கையை வைத்தாள். "எழுதினாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். அம்மா வேலை பார்க்கிற கிடங்கு நடைவழியில தினமும் காலைல ஓடுறேன். மூணு இடத்துல அட்டைப்பெட்டி அடுக்கி வச்சு. ஏழு மீட்டருக்கு மேல தள்ளி வச்சா, கடைசிப் பெட்டியைத் தாண்டினதும் சுவத்துல முட்டிப்பேன் மிஸ்."