விசாரிக்க வந்தவர்

பதினோராவது செவ்வாய்க்கிழமை கிளார்க் ஷீஜா தலையை ஆட்டவில்லை. அதுவே நாகேஸ்வரனுக்குப் புதுசு. முந்தைய பத்துச் செவ்வாய்களிலும் கலெக்டர் ஆபீசின் ஆயுத உரிமப் பிரிவில், மகளுடைய லைசென்சுக்காக அவர் ஜன்னலருகே போய் நின்றதுமே, வாய் திறப்பதற்குள், ஷீஜா தலையை இடமும் வலமுமாக ஆட்டிவிடுவாள். "போலீஸ் ரிப்போர்ட் வந்நில்ல சாரே." அவரும் சரி என்று பைலை மடக்கி, அன்றைய தேதியை அட்டையின் உள்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தபால் பிரிவில் இருந்தவர். காகிதம் எங்கும் தொலைந்து போவதில்லை, யாரோ ஒருவருடைய மேஜைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவருடைய அனுபவம். உட்கார்ந்திருக்கும் காகிதத்தைத் திட்டினால் அது எழுந்திருக்காது. வாரத்துக்கு ஒருமுறை போய் நின்றால் எழுந்திருக்கும்.

"வந்நு சாரே," என்றாள் ஷீஜா. பிறகு, "பக்ஷே அனுகூலமல்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பினாள்.

ரிப்போர்ட் மலையாளத்தில் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மனுதாரர் ஸ்நேகா, வயது இருபத்தாறு, துப்பாக்கி சுடும் பயிற்சியை ஒரு வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக, அவர் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் அக்கம்பக்கத்தில் நேரில் விசாரித்ததில் தெரிய வருகிறது. மிகவும் பயந்த சுபாவம். பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்வார். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, முடிந்ததும் வெளியூர் போய்விடுவார். ஆகவே இவருக்கு ஆயுதம் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. கீழே ராகேஷ் என்று ஒரு ஸ்பெஷல் பிராஞ்சுக்காரரின் பெயர்.

ஷீஜா நல்ல பெண். ரைபிள் அசோசியேஷன் கொடுத்த சர்டிபிகேட்டில் பெண் வாராவாரம் சுடுகிறாள் என்று இருக்கிறது, அயல்வீட்டுக்காரர்களோ விட்டுவிட்டாள் என்கிறார்கள், மேலே இருப்பவர் எதை நம்புவார் என்று கேட்டாள். வியாழக்கிழமைக்குள் ஒரு விளக்கக் கடிதம் கொண்டுவந்தால், பைலோடு சேர்த்து மறுவிசாரணைக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். மறுபடியும் ஆள் வருவார், மறுபடியும் அதே தெருவில் கேட்பார். அப்போதும் இதையே சொன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

நாகேஸ்வரன் அட்டையில் தேதியைக் குறிக்க மறந்துபோய் வெளியே வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த ரிப்போர்ட்டில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரிந்தது. பட்டாசு உள்பட. அவரே சொன்னவை.

விஷயம் ஒரு துப்பாக்கியைப் பற்றியது. ஸ்நேகாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் கிருஷ்ணகுமார் பட்டாளத்தில் இருந்து வந்தவர். லைசென்சில் மூன்று துப்பாக்கி வைத்திருந்தார். சட்டம் மாறி, ஒருவருக்கு இரண்டுதான் என்று ஆனதும், பாயின்ட் டூ டூ ரைபிளைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நாலு வருஷம் அவர் பக்கத்தில் நிற்க, வட்டியூர்க்காவு ரேஞ்சில் ஸ்நேகா சுட்டது அதில்தான். ரைபிளின் கட்டையை அவள் தோளுக்குத் தகுந்தாற்போலக் கால் அங்குலம் இழைத்திருந்தார்கள். கன்னம் பதியும் இடத்தில் தோல் வைத்துத் தைத்தது அம்மா சீதாலக்ஷ்மி. லைசென்ஸ் கிடைத்தால் ஸ்நேகாவே அதை வாங்கிக்கொள்ளலாம். கிடைக்கிற வரை கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொட முடியாது. கடைக்காரர் மாசக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் என்றால் அதை வாங்க லைசென்சோடு ஒரு கோட்டயம்காரர் காத்திருக்கிறார். மாநிலப் போட்டிக்கு வேறு துப்பாக்கியை எடுத்துப் பழக இனி நாளும் இல்லை.

அவர் அதையெல்லாம் சொன்னது கிருஷ்ணவேணி மாமியிடம். மாமி வீடு இரண்டு வீடு தள்ளி, தெரு திரும்பும் முனையில். முனை வீடு என்பதால் அந்தத் தெருவில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிற எவரும் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான். பிள்ளை வீட்டார் நேரடியாக வர மாட்டார்கள். யாரையாவது முன்கூட்டி அனுப்புவார்கள், அவர் வழி கேட்கிற மாதிரி வந்து, தண்ணீர் கேட்டு, பிறகு பேச்சோடு பேச்சாகக் கேட்பார். மாமி இதுவரை பதினாலு பெண்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். பெண்ணின் அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஒப்பிப்பாள்.

பஸ்ஸை விட்டிறங்கி நாகேஸ்வரன் போனபோது மாமி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாழைப்பூவுக்கு நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஸ்நேகாவைப் பத்தி யாராவது வந்து கேட்டாளா?"

"வந்தாரே. நான்தான் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. போன பிரதோஷத்துக்கு மறுநாள். சந்தனக் கலர் சட்டை. பாறசாலைப் பக்கமாம், தமிழ் நன்னாப் பேசறார்."

"யாருன்னு கேட்டேளா?"

"கேக்கறது மரியாதை இல்லியே. பையனுக்குச் சித்தப்பா மொறையா இருக்கும்னு நெனச்சுண்டேன். ரெண்டு தடவை காப்பி குடிச்சார். நான் சொல்லச் சொல்ல எல்லாத்தையும் நோட்டுல எழுதிண்டார். என்ன சிரத்தைடா நாகேஸ்வரா, இப்படி ஒரு மனுஷா இந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை."

"மாமி, அவர் போலீஸ்."

மாமியின் கை வாழைப்பூவில் நின்றது.

"போலீஸா? பின்னே எதுக்குக் கல்யாணம் ஆயிடுத்தான்னு கேட்டார்?"

"அவா எல்லாம் கேப்பா. லைசென்சுக்கு."

"அடடா. நான் போறச்சே வாழக்கா வறுவல் வேற ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தேனே. வாங்கிண்டாரே மனுஷன்." கொஞ்சம் யோசித்துவிட்டு மாமி அவரை நேராகப் பார்த்தாள். "நான் ஒண்ணும் கையிலேர்ந்து போட்டுச் சொல்லலை. நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

அது உண்மைதான். போன மாசியில் நாகர்கோவிலில் இருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பையன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். பெண் துப்பாக்கி சுடுகிறாளாமே என்று அவர்கள் தரகரிடம் இழுத்தார்கள். அன்று சாயங்காலமே நாகேஸ்வரன் இதே இடத்தில் நின்றுகொண்டு, அதெல்லாம் விட்டு ஒரு வருஷம் ஆச்சு மாமி, பட்டாசுக்கே காதைப் பொத்திக்கறவ, ஏதோ காலேஜ் நாள் விளையாட்டு என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வழக்கம்போல ஸ்கூட்டரில் ஸ்நேகாவை ரேஞ்சுக்குக் கொண்டுபோய் விட்டார். துப்பாக்கி கிருஷ்ணகுமாரிடமே இருந்ததால் பெண்ணின் கையில் ஒரு கான்வாஸ் பைதான். தெருவில் யாராவது கேட்டால் யோகா கிளாஸ் என்பார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பின்கட்டு அறையின் வாசலில் போய் நின்றார். ஸ்நேகா பழைய ஏர் ரைபிளைத் தோளில் வைத்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டு கிடையாது, வெறுமே பிடித்து நிற்கிற பயிற்சி. அவள் துப்பாக்கியை இறக்குகிற வரை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. சீதாலக்ஷ்மி குக்கரைக்கூட அதற்கப்புறம்தான் அடுப்பில் ஏற்றுவாள். அவரும் காத்திருந்தார். குழாயின் நுனி அசையவே இல்லை. கல்யாணத்துக்கு என்று எடுத்த போட்டோவில் இந்தப் பெண் எவ்வளவு நெளிந்தாள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

இறக்கினாள். அவர் சொன்னார், ஒன்றையும் விடாமல், தேதியோடு.

"நீங்களா சொன்னேள்?" என்றாள் ஸ்நேகா.

"நான்தான்."

அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள். "ஒரு வருஷமா ஸ்கூட்டர்ல கொண்டு விட்டேளே அப்பா. தெர்மாஸ்ல சாயா எடுத்துண்டு வந்து வெளில உக்காந்திருப்பேளே. நான் நெனச்சேன்..." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "கழக்கூட்டம் பஸ் போயிடும்" என்று ஆபீசுக்குக் கிளம்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி, "இப்போ என்ன எழுதிக் குடுக்கப்போறேள்?" என்று மட்டும் கேட்டாள்.

சமையலறையிலிருந்து சீதாலக்ஷ்மி வந்தாள். நாகர்கோவில்காரர்கள் சார்பில் இந்தச் சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒருவர் தெருவில் விசாரிக்க வருவார் என்று தரகர் முந்தின நாள்தான் போன் பண்ணியிருந்தார். "அது முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு லெட்டரைக் குடுத்தா எடுத்துக்க மாட்டாளா?"

"வியாழக்கிழமை கடைசி."

"அப்போ போலீசுக்கு ஒண்ணு, அவாளுக்கு ஒண்ணு சொல்லச் சொல்லுங்கோ மாமியை. அவா சாமர்த்தியக்காரி."

அதையும் போய்க் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார். மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கு எழுபத்தொண்ணு ஆறது நாகேஸ்வரா. ரெண்டு பேருக்கு ரெண்டு பதில்னா எனக்கு ஓர்மை நிக்காது. வர்றது யாருன்னும் தெரியப்போறதில்லை. மூஞ்சில எழுதியா ஒட்டிண்டு வரப்போறா? ஒரு பதில் சொல்லிக் குடு. யார் வந்தாலும் அதைச் சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன் மாமி."

"யோசி. ஆனா நிஜமாட்டு இருந்தா எனக்குக் கொஞ்சம் சௌகரியம். பொய்யைத்தான் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கு."

அன்று முழுக்க அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். கடிதம் எழுதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் மலையாளத்தில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அதற்குக் கீழே முதல் வரிதான் வரவில்லை. தகவல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுள்ளது என்று எழுதினார். அடித்தார். வயதான அண்டை வீட்டுக்காரரின் மறதி காரணமாக என்று எழுதினார். அதைப் படித்தபோது காது சூடாயிற்று, காகிதத்தையே கிழித்துப் போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேருக்காக எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறார். நான் செய்தேன் என்று ஒரு வரி எதிலும் இருந்ததாக நினைவில்லை. எல்லாம் செய்யப்பட்டது, தெரிவிக்கப்பட்டது, கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுதி முடித்தார். என் மகள் ஸ்நேகா துப்பாக்கி சுடும் பயிற்சியை ஒரு வாரமும் விட்டதில்லை. விட்டுவிட்டாள் என்று அண்டை வீட்டாரிடம் சொன்னது நான். அவளுடைய கல்யாணத்தை உத்தேசித்துச் சொன்னேன். அது பொய். இதைத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

வியாழன் காலை ஷீஜா அதைப் படித்துவிட்டு அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முத்திரை குத்தி ரசீது கொடுத்தாள். திரும்புகிற வழியில் அவர் முனை வீட்டில் ஏறி, நகலை மாமிக்கு வாசித்துத் தமிழில் சொன்னார். மாமி கடைசி வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். "தெருவில் யாரிடம் வேணும்னாலும்னா, மத்தவாளுக்கும் நீ போய்ச் சொல்லணும்," என்றாள். சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு வீட்டில், அப்போ யோகா கிளாஸ் எப்பவும் கிடையாதா என்று கேட்டார்கள்.

ஸ்நேகா வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வரும்போது முனை வீட்டில் ஏறி எதையோ கொடுத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை காலை ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, "நாளைக்கு ரேஞ்சுக்கு அஞ்சே முக்காலுக்குக் கிளம்பணும். அதுவரைக்கும் கிளப் துப்பாக்கி ஒண்ணு தரேன்னு சொல்லியிருக்கா" என்றாள்.

பத்து மணிக்கு மேல் ஒருவர் தெருவுக்குள் வந்தார். நடுவயது, தோளில் பை, வெளிர் சட்டை. முனை வீட்டின் முன்னால் நின்று வழி கேட்கிறவர்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். நாகேஸ்வரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுதான் தெரிந்தது. பாறசாலைப் போலீசா நாகர்கோவில் ஆளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சீதாலக்ஷ்மியும் பின்னால் வந்து நின்றாள்.

மாமி கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். காப்பி வந்தது. அவர் ஏதோ கேட்டார். மாமி இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ரேஞ்சில் சுட்டு முடித்ததும் கழற்றிக் கொடுக்கிற இலக்குத் தாள், வெள்ளிக்கிழமை ஸ்நேகா கொடுத்துவிட்டுப் போனது. பத்துக் குண்டும் கறுப்பின் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் ஒரே ஓட்டையாக விழுந்திருந்தது. அதன் வழியாக இறங்கிய வெயில், வந்தவருடைய சட்டையின் தோளில் மஞ்சாடி விதையளவு வட்டமாக நின்றது. அவர் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். மாமி பேச ஆரம்பித்தாள்.